ரப்பருக்கு அடியில்

ஊரார் வண்டிக்கெல்லாம் தீர்ப்புச் சொல்கிறவருக்கு,

வீட்டுச் சாவி பூந்தொட்டிக்கு அடியில இருக்கு. நான் அக்கா வீட்டுக்கு வந்தாச்சு. தேட வேண்டாம். தேட மாட்டீங்கன்னும் தெரியும்.

பழைய ஸ்டேஷன் வேகன் கார் எதைப் பார்த்தாலும் கதவு ரப்பரை நகத்தால தூக்கிப் பார்ப்பீங்க. "மேல எத்தனை பெயிண்ட் அடிச்சாலும் கம்பெனி கலர் இங்கதான் ஒளிஞ்சிருக்கும்"பீங்க. பக்கத்துல டார்ச் பிடிச்சு நிக்கிறது யாருன்னு திரும்பிப் பார்த்ததில்லை. போன பழைய கார் கண்காட்சியில, மறுபெயிண்ட் அடிச்ச வண்டியை ஒரிஜினல்னு நம்பி வாங்கிட்டு வந்த அந்த ரிட்டயர்டு வாத்தியாரை அத்தனை பேர் முன்னாடி "ஏமாந்த சோணகிரி"ன்னீங்க. மனுஷன் அழுதுட்டார்.

நம்ம வேகன் ரப்பரை மட்டும் நீங்க தொட்டதே இல்லை. "இது கை படாத வண்டி, கம்பெனி கிரீம் கலர்"னு வர்றவங்ககிட்டெல்லாம் பீத்திக்கிட்டீங்க. கிளம்புறதுக்கு முன்னாடி நான் தூக்கிப் பார்த்தேன். பின்கதவு ரப்பருக்கு அடியில கறுப்பு. நல்லா மின்னுற கறுப்பு. கார்ப்பெட்டைப் புரட்டினா, தரை நீளத்துக்கு ரெண்டு வரிசை திருகு ஓட்டை. சவப்பெட்டியை உள்ள தள்ளுறதுக்குத் தண்டவாளம் இருந்த இடம்.

ஞாயித்துக்கிழமை உங்க பழைய கார் சங்கத்துக்காரங்க வண்டியைப் பார்க்க வர்றாங்கல்ல? அவரும் வர்றார்; எந்த ரப்பரைத் தூக்கணும்னு வாத்தியார்கிட்ட சொல்லிட்டேன்.

என்மேல கோபம் வந்தா அதுக்குள்ள போய்த்தானே படுப்பீங்க? "உன் கட்டிலைவிட இதுல கால் நீட்ட எவ்வளவு வசதி"ம்பீங்க.

இருக்காதா பின்னே? அதுக்குன்னே செஞ்சதுதானே.

இப்படிக்கு,
டார்ச் பிடித்தவள்