மலர் உடம்பில் என் கிட்னி

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நான் கொடுத்த கிட்னியை மகள் மலரின் உடம்பு ஏற்க மறுக்கிறதாம். இரத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை. கிட்னி உதிர்க்கிற, கண்ணுக்குத் தெரியாத குட்டிப் பைகளைச் சிறுநீரிலிருந்து எடுத்துப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நாளைக்கு அந்தக் கிட்னியிலிருந்து ஊசியால் துளி சதை எடுத்து உறுதி செய்வார்கள்.

"என் கிட்னியில என்ன குறை?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"ஒரு குறையும் இல்ல ஆன்ட்டி. அவங்க உடம்புதான் அத அடிக்குது."

டாக்சியில் மலர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் வேணாம்னு சொல்லலம்மா."

"தெரியும்டி. சின்னதுல சோறு ஊட்டுனாலும் இப்படித்தான் துப்புவ."

சிரித்தாள். செராங்கூன் ரோடு வந்ததும் அழுதாள். பேத்திக்கு இன்னும் சொல்லவில்லை.

என்னிடம் இன்னொன்று இருக்கிறது. அதையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஐந்தாவது படித்தவள் பேச்சு என்று டாக்டர் சிரிப்பாரோ என விழுங்கிவிட்டேன். நாளைக்குக் கேட்பேன். சிரித்தால் சிரிக்கட்டும்.