நம் கிணற்றில் மோட்டார் வைத்த வருஷம்

அக்கா,

இன்று காலை குழாயைத் திறந்தால் முதலில் வெறும் காற்று வந்தது. அப்புறம் இரண்டு இருமல் இருமிவிட்டுச் சேற்றுத் தண்ணீர் வந்தது. அடிமண் கலங்கிய அந்த வாடை மூக்கில் ஏறியதும் கையில் இருந்த சொம்பை அப்படியே கீழே வைத்துவிட்டேன். "போர்ல தண்ணி எறங்கிப்போச்சு அத்தே. மோட்டாரு தானா நின்னுடும், நீங்க உக்காருங்க" என்றாள் மருமகள். தானாக நின்றுவிடுமாம். அப்படி ஒன்று அந்தக் காலத்தில் இருந்திருந்தால் உனக்கும் எனக்கும் நடுவில் இந்த வழக்கே இருந்திருக்காது. நீ போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. வழக்கு மட்டும் முடியவில்லை. இருந்த இடத்திலிருந்தே உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன், பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

இந்தப் பெண்ணுக்கு நம் கிணற்றைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாள். ஒரே கிணறு, வாய்க்கு மேலே நடுவில் ஒரு சுவர், பாதி உங்கள் வீட்டில், பாதி எங்கள் வீட்டில் என்றால், "சண்டை வராதா அத்தே?" என்று கேட்கிறாள். வந்தது என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். நான் கல்யாணமாகி வந்த மறுநாள் வாளியை இறக்கக் குனிந்தபோது தண்ணீருக்குள் இரண்டு முகம் தெரிந்தது. ஒன்று என்னுடையது. இன்னொன்று, "புதுப் பொண்ணா? கயித்த அப்படிப் புடிச்சா கை கிழிஞ்சிடும்மா" என்றது. சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற உன்னை நேரில் பார்க்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

உங்கள் வீட்டில் பட்டுக்குச் சாயம் போடுவார்கள், எங்கள் வீட்டில் இரண்டு தறி. சாயத்திலிருந்து எடுத்த பட்டை உடனே நல்ல தண்ணீரில் அலச வேண்டும். தாமதித்தால் திட்டுத் திட்டாகிவிடும். அதற்காகவே நம் இரண்டு வீட்டுக்கும் ஒரு சட்டம் இருந்தது. பட்டு சாயத்தில் இறங்கும் நாளில் கப்பி மாட்டிய குறுக்குக் கட்டையில் நீ ஒரு இழையைக் கட்டித் தொங்கவிடுவாய். அது இரண்டு பக்கத்திலிருந்தும் தெரியும். இழை தொங்கினால் எங்கள் கயிறு மேலே ஏறிவிட வேண்டும். நீ அலசி முடித்து அதை அவிழ்க்கிற வரைக்கும் நாங்கள் ஒரு சொம்பு தண்ணீர் எடுக்க மாட்டோம். நம் மாமியார்கள் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன நாட்களில்கூட அந்த இழைக்கு மரியாதை இருந்ததாம்.

சின்னவன் பிறந்த பிறகு எனக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. குடம் தூக்கக் கூடாது, கயிறு இழுக்கவே கூடாது என்று டாக்டரம்மா சொன்னாள். வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு உன்னிடம் மட்டும் சொன்னேன். மறுநாள் சுவரில் ஒரு செங்கல்லைப் பெயர்த்து எடுத்து, அந்த ஓட்டையில் ஒரு தகரக் குழாயைச் செருகினாய். உன் பக்கத்தில் இழுத்து, குழாய் வழியாக என் அண்டாவில் ஊற்றினாய். எட்டு மாதம். சாய நாளில் மாமாவின் தொட்டிகளுக்கு இழுத்துவிட்டு, அதே கையால் எனக்கும் இழுத்தாய். மாமா என்று நான் கூப்பிட்ட உன் வீட்டுக்காரர், "அவளுக்கு இழுக்கலன்னா தூக்கம் வராது" என்று கேலி செய்வார்.

அதனால்தான் மோட்டார் வேண்டும் என்று எங்கள் வீட்டுக்காரரை அரித்தேன். அவர் ஜம்பத்துக்கு வாங்கினார் என்று தெரு பேசியது. நான் மறுக்கவில்லை, மறுத்தால் காரணம் சொல்ல வேண்டுமே. அரைக் குதிரைச் சக்தி மோட்டார் ஒன்று மாட்டு வண்டியில் வைக்கோல் மேல் உட்கார்ந்து வந்தது. குளியலறைக்கு மேலே சிமெண்டுத் தொட்டி கட்டினோம். நீ வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாய்.

"இன்னாத்துக்கும்மா இது? நான்தான் ஊத்தறேன் இல்ல?"

"எத்தினி நாளைக்குக்கா ஊத்துவே?"

"கையி இருக்கிற வரிக்கும்."

எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? இப்போதும் வருகிறது. கொடுக்கிறவளுக்கு மனசு நிறைந்துவிடுகிறது. வாங்குகிறவள் தினமும் அந்த அண்டாவுக்கு முன்னால் நின்று, இன்றைக்குக் குளிப்பதா வேண்டாமா, குழந்தைத் துணியை அலசுவதா நாளைக்கு வைப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். உனக்கு அது கடைசி வரைக்கும் புரியவே இல்லை. நீ என்னவோ உன் கையை நான் உதறிவிட்டதாக நினைத்தாய்.

தெருவில் நடந்த கூத்து தனி. டீக்கடையில் காலையும் மாலையும் நம் கிணறுதான் பேச்சு. கரண்டில் ஏறி வந்த தண்ணீரில் பட்டு அலசினால் பளபளப்பு போய்விடும் என்றார் ஒருவர். கிணற்றுக்குள் இரும்பை இறக்கினால் ஊற்றுக் கண் மூடிக்கொள்ளும் என்றார் இன்னொருவர். எங்கள் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் இரண்டு குடத்தை வைத்துப் பந்தயம் கட்டினார். ஒன்றில் கயிற்றுத் தண்ணீர், ஒன்றில் மோட்டார் தண்ணீர். இரண்டிலும் ஒவ்வொரு சிட்டம் பட்டு நூலை நனைத்து வெயிலில் பிடித்தார்கள். எது எது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு கட்சியும் தங்கள் குடம்தான் ஜெயித்தது என்று மத்தியானம் வரைக்கும் கத்திக்கொண்டிருந்தார்கள். கயிற்றுத் தண்ணீரை இழுத்துக் கொடுத்தது நீ, சுவிட்சைப் போட்டது நான். தண்ணீர் பற்றிய அந்த வாதத்தில் தண்ணீர் இழுக்கிற பெண் ஒருத்தியை ஒரு வார்த்தை கேட்டவன் உண்டா? நாம் இரண்டு பேரும் உள்ளே போய்ச் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது, வெளியே வந்து நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

உன் வாதம் வேறு. அதை நீ டீக்கடைக்காரர்களிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னாய். "கயிறு இழுக்கிறவளுக்குக் கெணத்துல எவ்ளோ இருக்குதுன்னு தோளு சொல்லும். சுவிட்சு போடறவளுக்கு எது சொல்லும்?"

"இழுக்க முடியாதவளுக்கு எது சொல்லும்?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். நீ வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். மூன்றாம் நாள், உங்கள் பக்கத்துக்கும் ஒரு பைப் போட்டுத் தருகிறோம் என்று நானே வந்தேன். "வேணாம்மா. பைப்பு வந்துட்டா அப்புறம் நானும் எட்டிப் பாக்க மாட்டேன்" என்றாய். பிடித்த பிடியை விடாத பிறவி நீ.

ஆனால் ஒன்று நடந்தது. கிணற்றடி ஈரத்தில் கரண்டு ஆபத்து என்று சுவிட்சை எங்கள் அடுப்படியில் வைத்திருந்தார்கள். சுவிட்சைப் போட்டால் தொட்டி நிரம்பியது, தொட்டியிலிருந்து குழாயில் வந்தது. நான் கிணற்றடிக்குப் போவதே நின்றுபோனது. நான் போவதில்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இழை இனி என் கண்ணில் படாது என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. பங்குனியிலேயே கிணறு இறங்கிவிட்டது. உங்கள் வசந்தாவுக்கு ஏனாத்தூரில் மாப்பிள்ளை பார்த்து ஆனியில் முகூர்த்தம் வைத்திருந்தீர்கள். ஊரில் எத்தனையோ பெண்களின் கூறைச் சேலைக்குச் சாயம் போட்ட மாமா, தன் பெண்ணின் கூறைக்குத் தன் கையால் போட வேண்டும் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாள் காலையில் வாசலில் கோலம் போடும்போது நீ என்னிடம் அதைச் சொல்லவில்லை. உள்ளே இழை கட்டியாயிற்று, போதும் என்று நினைத்திருப்பாய். நீ சொன்னது இதுதான்: "பாத்துப் போடும்மா. இப்ப இருக்கிற தண்ணிக்கு உன் தொட்டி ரொம்பாது."

"ரொம்பும்க்கா, ரொப்பிக் காட்டறேன் பாரு" என்றேன்.

பத்து மணிக்குச் சுவிட்சைப் போட்டேன். அந்த நேரத்தில்தான் மாமா பட்டைச் சாயத்திலிருந்து தூக்கியிருக்கிறார். நீ வாளியை இறக்கியபோது அது தரையில் இடித்ததாம். சுவரைத் தட்டினாயாம், கூப்பிட்டாயாம். பிறகு குழாயில் சேறு வந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினேன். குறுக்குக் கட்டையில் சிவப்பு இழை தொங்கியது. கீழே தண்ணீரும் இல்லை, முகமும் இல்லை, கலங்கிய மண்தான் இருந்தது.

குடத்தை எடுத்துக்கொண்டு தெருவெல்லாம் ஓடினோம். டாக்டரம்மா சொன்னதெல்லாம் அன்றைக்கு நினைவில்லை, நானும் தூக்கினேன். அலசி முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. மாமா கழியில் தொங்கிய பட்டை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அங்கங்கே வெளுப்பும் அங்கங்கே கறுப்புமாக இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திட்டை மறைக்க வேண்டுமென்றால் மறுபடி சாயத்தில் போட வேண்டும், மறுபடி போட்டால் நிறம் இருண்டுதான் வரும். அப்படியே போட்டு, இருண்ட நூலில்தான் கூறையை நெய்தார்கள். கல்யாணத்தன்று தாம்பாளத்தில் அந்தக் கூறையைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் அம்மா முகம் மாறியது. "கருப்பாட்டம் இருக்குதே, இதையா கட்டுவாங்க?" என்று சத்தமாகவே கேட்டாள். கடையில் வாங்கி வைத்திருந்த வேறு சேலையைக் கட்டிக்கொண்டுதான் வசந்தா மணையில் உட்கார்ந்தாள். மாமா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய்.

என்னைப் பார்த்து யாராவது விரல் நீட்டினால் அவர்களை நீதான் அடக்கினாய். "அவ இன்னா பண்ணுவா? அந்த மோட்டாரு போடற சத்தத்துல இடி விழுந்தாக்கூட கேக்காது" என்றாய். ஊர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மோட்டார் ஒரு பெண்ணின் முகூர்த்தச் சேலையைத் தின்றுவிட்டது என்று டீக்கடையில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். வாங்கலாம் என்றிருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். மூலை வீட்டு சாந்தா நிறைமாத வயிற்றோடு கயிறு இழுத்தாள். "அந்த வூட்டுல நடந்தது தெரியும் இல்ல?" என்று, மோட்டார் கேட்ட அவள் வாயை மாமனார் அடைத்துவிட்டார். எங்கள் வீட்டுக்காரர் மோட்டாரைக் கழற்றி விற்றுவிட்டார்.

கழற்றிய மறுநாள் காலையில், தகரக் குழாய் வழியாக என் அண்டாவில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நீதான் ஊற்றிக்கொண்டிருந்தாய். தெருவுக்கு நகராட்சிக் குழாய் வருகிற வரைக்கும் ஊற்றினாய். என்னைத் திட்டியிருக்கலாம், அக்கா. என் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். நான் நிம்மதியாகத் திருப்பித் திட்டியிருப்பேன்.

ஓரிக்கையில் மகன் வீட்டில் நீ படுத்திருந்தபோது பார்க்க வந்தேனே, நினைவிருக்கிறதா? மற்றவர்கள் வெளியே போகிற வரைக்கும் காத்திருந்து கேட்டாய். "அன்னிக்கு நான் கூப்ட்டது உனக்குக் கேக்கவே இல்லியா, கௌரி?"

"இல்லக்கா" என்றேன்.

"அதான் நானும் எல்லாருகிட்டயும் சொன்னேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். நம்பித்தான் திரும்பிக்கொண்டாயா, நம்பாமலா என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு உன்னைப் பார்க்க வாய்க்கவில்லை.

கேட்டது, அக்கா. மூன்று தடவை கூப்பிட்டாய். முதல் தடவை என் பெயரை. இரண்டாவது தடவை, "நிறுத்தும்மா". மூன்றாவது தடவை, "பட்டு இருக்குதும்மா". சுவிட்சுக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தேன், கையை உயர்த்தினால் போதும். தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் இன்னும் வரவில்லை. அது வரட்டும், உன்னிடம் ஒரு தடவையாவது ஜெயித்துக் காட்டலாம் என்று நின்றேன். பட்டு என்ற வார்த்தை காதில் விழுந்த பிறகும் நின்றேன். அந்த மோட்டாருக்காகத் தெரு முழுக்க வாயாடியவள், அதன் மேல் பழி விழுந்த அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. சாந்தா கயிறு இழுக்கும்போதெல்லாம் அவள் கப்பி கிரீச்சிட்டது என் வீட்டுக்குக் கேட்கும், அப்போதும் திறக்கவில்லை.

அது நல்ல மோட்டார், அக்கா. அவ்வளவு சத்தம் போடாது.