சரிபார்த்தவர் என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி

அன்புள்ள கிரேஸ்,

அன்று காலை நன்மங்கலம் காட்டோரத்தில் நீ பார்த்தது ஆறுமணிக்குருவிதானா? இந்த ஒரு வருடமாக இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பதில் எனக்குத் தெரியாது. இனி தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

நீ இருந்திருந்தால், செத்தவளுக்கு எழுதும்போதும் முதல் வரியிலேயே விசாரணையா என்று சிரித்திருப்பாய். இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேராது என்பது எனக்குத் தெரியும். முப்பது வருடம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்த உனக்கு அது என்னைவிட நன்றாகவே தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். பிறரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். எதற்கும் இன்னொரு ஜோடிக் கண் வேண்டும் என்பது நாம் வைத்துக்கொண்ட விதி அல்லவா?

நாம் என்பது தவறு. நான் வைத்த விதி.

குரோம்பேட்டையில் நான் வேலை பார்க்கும் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் எந்த ரிப்போர்ட்டும் இரண்டு கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. சோதித்தவர் ஒருவர், சரிபார்த்தவர் ஒருவர். நாம் நால்வரும் பறவை பார்க்கக் கிளம்பிய முதல் வருடமே அதை நம் நோட்டுக்கும் கொண்டுவந்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். பறவையின் பெயர், பார்த்தவர், சரிபார்த்தவர். இரண்டு பேர் பார்க்காத பறவைக்கு நோட்டில் இடமில்லை. "நாள் பூரா ஆபீஸ்ல சீல் குத்திட்டு இங்க வந்தா, இவ குருவிக்கும் சீல் கேக்குறா" என்று நீ உமாவிடம் சொன்னாய். உமா உன் பக்கத்து வீட்டுப் பெண், சிறுசேரியில் வேலை, நம்மைவிடப் பதினைந்து வயது சின்னவள். யார் பக்கம் சிரிப்பது என்று தெரியாமல் ஷூ லேசைக் குனிந்து கட்டினாள்.

கேட்டது செல்லாது, பார்த்ததுதான் செல்லும் என்ற விதி அதற்குப் பிறகு வந்தது. அதற்குக் காரணம் செல்வம் அண்ணன். வேங்கைவாசல்காரர், நம்மைத் தன் பழைய வேனில் ஏற்றிக்கொண்டு போகிறவர். ஒரு நாள் குக்குறுவான் கூவுகிறது என்று நம்மை அரை மணி நேரம் ஒரு ஆலமரத்தடியில் நிற்க வைத்தார். கடைசியில் அது பக்கத்துத் தெருவில் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம். அன்றைக்கே நோட்டு அட்டையின் உள்பக்கத்தில் சிவப்பு மையால் எழுதினேன். அவரும் அன்றைக்கே எனக்கு ஜட்ஜம்மா என்று பெயர் வைத்தார்.

போன மாசியில் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். வழக்கமான சுற்றுதான். விடியும் முன் நன்மங்கலம், பிறகு பள்ளிக்கரணையில் வாத்துகள், பிறகு கோவளம். வெயில் ஏறும் முன் வீடு. பொடி இட்லி உன் பொறுப்பு, ஃப்ளாஸ்க் என் பொறுப்பு. வெளிச்சம் சரியாக வரவில்லை. ஒரு செம்பூத்து வேலியைத் தாண்டிப் போனது. நானும் உமாவும் பார்த்தோம். நான் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். தினமும் எங்கள் வீட்டு மதில்மேல் வந்து உட்காரும் செம்பூத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்போது நீ என் முழங்கையைத் தொட்டாய். நிமிர்ந்தபோது உன் கை நீண்டிருந்தது. புதரடியில் சருகுகள்தான் தெரிந்தன.

"ஆறுமணிக்குருவி வசு. பச்சை முதுகு, வாலுக்கு அடியில சிவப்பு. தத்திக்கிட்டே உள்ள போயிடுச்சு."

குளிர்காலத்தில் நம் பக்கம் வந்து, வெயில் முற்றுவதற்குள் வடக்கே போய்விடும் பறவை அது. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இரண்டு சுரத்தில் ஒரு விசில் அடிக்கும், அதனால் அந்தப் பெயர். எட்டு வருடமாக நம்மில் யாரும் அதைப் பார்த்ததில்லை. நீ ஒவ்வொரு வருடமும் அதற்காகவே அலாரம் வைப்பாய்.

நான் உமாவைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று தலையாட்டினாள். செல்வம் அண்ணன் வேன் பக்கம் இருந்தார். மீன்கொத்தியாக இருக்கும் என்று உன்னிடம் சொன்னேன். மீன்கொத்தி தரையில் தத்துமா என்று நீ கேட்டாய். நல்ல கேள்வி. பதில் சொல்லாமல், உன் பைனாகுலரில் இடது கண்ணாடியில் பூஞ்சை பிடித்திருக்கிறதே என்றேன். அதுவும் உண்மைதான்.

செல்வம் அண்ணனுக்குக் கோபம் வந்தது. "இன்னா ஜட்ஜம்மா, குருவி பாக்க வந்தோமா, கோர்ட்டுக்கு வந்தோமா? அந்தம்மா கண்ணால பாத்துட்டு சொல்லுது, நீங்க சாட்சி கேட்டுகினு கீறீங்க."

நீதான் அவரைச் சமாதானப்படுத்தினாய். ஆறுமணிக்குருவி என்று எழுதினேன். பார்த்தவர், கிரேஸ். சரிபார்த்தவர் என்ற இடத்தில் கேள்விக்குறி போட்டேன். விதிப்படி அந்த வரியே வரக்கூடாது. உனக்காக விதியைத் தளர்த்திவிட்டதாக நினைத்துக்கொண்டேன். நீ எட்டிப் பார்த்தாய். "போட்டுக்கோ. நான் பார்த்தது எனக்குத் தெரியும்ல" என்றாய். பள்ளிக்கரணை வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாய். பிறகு எல்லாருக்கும் இட்லி கொடுத்தாய். எனக்கு மட்டும் வழக்கம்போல ஒன்று கூடுதலாக வைத்தாய். அதற்கு என்ன பொருள் என்று நான் இன்னும் யோசிக்கிறேன். ஒரு பொருளும் இல்லாமலும் இருக்கலாம்.

பதினோரு நாள் கழித்து, வியாழக்கிழமை மதியம், உமா போன் செய்தாள். சாப்பிட்டுவிட்டு வந்து கவுண்டரைத் திறந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாயாம். கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். மேஜைமேல் இன்னும் நான்கு ரிப்போர்ட் இருந்தன. நான்கிலும் எண்களைச் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

கல்லறைத் தோட்டத்தில் உமா அழுதாள். செல்வம் அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் வேப்பமரத்தில் ஒரு கொண்டைக்குருவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொண்டைக்குருவி, ஒன்று, என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன். எனக்கு அழுகை வரவில்லை. இதுவரையும் வரவில்லை. ஒரு பல்லை மரத்துப்போக வைத்துவிட்டு டாக்டர் எங்கேயோ போய்விட்டதுபோல இருக்கிறது.

உனக்கு ஊர்ச் செய்தி சொல்கிறேன். மேடவாக்கத்தில் நாம் டீ குடிக்கும் கடையை மூடிவிட்டார்கள். செல்வம் அண்ணனுக்கு முழங்கால் வலி, ஆனாலும் வேனை விற்க மாட்டேன் என்கிறார். உமா வாரத்துக்கு மூன்று நாள் ஆபீஸ் போக வேண்டும், ஊரப்பாக்கத்தில் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கரணையில் பூநாரைகள் வந்திருப்பதாகக் கேள்வி. நாங்கள் போகவில்லை. நீ போன பிறகு ஒரு முறைகூட மூன்று பேரும் போகவில்லை.

போன வாரம் உன் மகள் ஜெனி கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். என்னைச் சித்தி என்று கூப்பிட நீ பழக்கிவிட்டாய், இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். எங்கே போனாலும் காவல்காரரிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லாரிடமும், "இவ என் தங்கச்சி" என்பாய். நான் ஒவ்வொரு முறையும், "தங்கச்சி இல்லைங்க, ஃப்ரெண்ட்" என்று திருத்துவேன். உன் கழுத்தில் சிலுவை, என் நெற்றியில் விபூதி, அவர்கள் நம் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். உனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

ஜெனி உன் பைனாகுலரை எனக்குக் கொடுத்தாள். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். வருகிற வாரம் வீட்டில் உனக்கு வருட நினைவு ஜெபம். நோட்டில் ஆறுமணிக்குருவியை எழுதிய அந்தக் கடைசிப் பக்கத்தை ஃப்ரேம் போட்டு உன் படத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டுமாம்.

"அந்தக் கேள்விக்குறிய மட்டும் எடுத்துட்டுக் குடுக்கிறீங்களா சித்தி? வர்றவங்க எல்லாரும் பார்ப்பாங்க. அம்மா பொய் சொன்ன மாதிரி இருக்கு."

நீ பொய் சொன்னாய் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. தவறாகப் பார்த்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன். இரண்டும் வேறு. ஆனால் ஜெனிக்கு அதை எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து தருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

செல்வம் அண்ணனிடம் கேட்டேன். ஒரு சொட்டு ஒயிட்னர் போதும், இதற்குப் போய் என்ன யோசனை என்றார். ஒரு சொட்டுதான். ஆனால் கிரேஸ், நான் கையெழுத்துப் போட்ட எந்தத் தாளிலும் பிறகு கை வைத்ததில்லை. நீ போய்விட்டாய் என்பதற்காக இதில் வைத்தால், நீ பார்த்தது உண்மையாகிவிடுமா? என் மனது லேசாகும், அவ்வளவுதான். அதே சமயம், அந்தக் கேள்விக்குறி அப்படியே கண்ணாடிக்குள் போய் உன் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால், உன் மகள் அதை வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் என்ன செய்யட்டும்?

பைனாகுலரை மொட்டைமாடிக்கு எடுத்துப்போய்ப் பார்த்தேன். இடது பக்கம் பூஞ்சைதான். வலது பக்கம் தெளிவாக இருக்கிறது. எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருக்கும் சின்ன எழுத்துகூடத் தெரிகிறது. அன்று இதை நான் சோதிக்கவில்லை. ஒரு பக்கத்தை மட்டும் சொன்னேன்.

இன்று சனிக்கிழமை, மதியம். நாளை மூன்று பேரும் நன்மங்கலம் போகிறோம். அதே இடம், அதே நேரம். அது வந்தால் ஒரு முடிவுக்கு வரலாம் என்று உமா சொல்கிறாள். நாளை வருகிற பறவை போன வருடத்துக்கு எப்படிச் சாட்சியாகும்? ஆனாலும் அலாரம் வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இரவு. இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். லேசான பனி. இட்லி யாரும் கொண்டுவரவில்லை, அவரவர் மற்றவர் கொண்டுவருவார் என்று நினைத்திருக்கிறோம். மயில் கத்தியது. செம்பூத்து கூவியது. ஆறு மணி ஆனது, ஆறேகால் ஆனது. தூரத்தில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்தது. "நம்ம குக்குறுவான் வந்துகினு கீது, எழுதிக்கோங்க" என்று செல்வம் அண்ணன் மெதுவாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. ஏழேகால் வரை நின்றோம். ஆறுமணிக்குருவி வரவில்லை, கூவவும் இல்லை.

வேனுக்குத் திரும்பி நடக்கும்போது உமா நின்றாள்.

"அக்கா, அன்னைக்கு நான் அதைக் கேட்டேன். கிரேஸ் அக்கா கை நீட்டுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. ரெண்டு தடவை."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கேட்டது செல்லாதுன்னு நீங்கதானே எழுதி வச்சிருக்கீங்க. நீங்க 'பார்த்தியா'ன்னுதான் பார்த்தீங்க. பார்க்கலைன்னு தலையாட்டினேன்."

இந்த ஒரு வருடமாக ஏன் சொல்லவில்லை?

"அவங்க போனதுக்கப்புறம் சொன்னா, ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைப்பீங்க."

அப்படித்தான் நினைத்தேன் கிரேஸ், அந்த நிமிடமே. எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்டேன். காட்டினாள். நீ கை நீட்டிய பக்கம்தான். ஆனால் அந்தப் பக்கம் அவளுக்கும் ஒரு வருடமாகத் தெரியும். அவள் சொல்வது உண்மையா, எனக்காகச் சொல்கிறாளா, ஜெனிக்காகச் சொல்கிறாளா? தெரியவில்லை. செல்வம் அண்ணன் வேன் கதவைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜட்ஜம்மா என்று கூப்பிடவில்லை.

வேன் படியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். கேள்விக்குறியை அழிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில், இன்றைய தேதியிட்டு, "உமா, கேட்டது" என்று எழுதினேன். அட்டையின் உள்பக்கம் இருந்த சிவப்பு வரியை அடித்துவிட்டு, அடித்த இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.

சாயங்காலம் மூன்று பேரும் உன் வீட்டுக்குப் போனோம். ஜெனி அந்த வரியை வெகுநேரம் பார்த்தாள். கேட்டது என்றால் என்ன, எப்படிக் கூவும் என்று கேட்டாள். உமா உதட்டைக் குவித்து விசிலடிக்கப் பார்த்தாள். காற்றுதான் வந்தது. இன்னொரு முறை முயன்றாள், அப்போதும் காற்றுதான். "சரி சித்தி, இப்படியே இருக்கட்டும்" என்றாள் ஜெனி. ஃப்ரேம் கடை ஞாயிற்றுக்கிழமை மூடியிருந்தது. நாளைக்குக் கொடுப்பாள்.

அடுத்த மாசியிலும் அங்கே போய் நிற்பேன். அதற்கடுத்த வருடமும் நிற்பேன். ஒருநாள் நான் மட்டும் அதைப் பார்க்க நேர்ந்தால், நோட்டில் எழுதுவேன். பக்கத்தில், உனக்குப் போட்டதுபோலவே, எனக்கும் ஒரு கேள்விக்குறி போடுவேன். இது என் வாக்கு.

இப்படிக்கு,
உன் தங்கச்சி
வசுமதி