ஆலம் சுற்றிய கார்

அட்டன்,
12.3.1950

அன்புத் தங்கச்சி சீதாலெட்சுமிக்கு,

மோரிஸ் மைனர் வாங்கிவிட்டேன்! பார்க்க ஆமை மாதிரிதான் இருக்கிறது. ஆனால் ஐந்து பேரைச் சுமந்துகொண்டு நானுஓயா ஏற்றத்தில் ஏறியதைப் பார்க்க வேண்டுமே! முன்கண்ணாடி இரண்டு துண்டு. திரும்பும்போது பக்கத்திலிருந்து சின்னக் கை ஒன்று நீளும். உன் மகள் சிவகாமி கண்டால் விடமாட்டாள்.

வெள்ளிக்கிழமை பூசை. கூடப் பிறந்தவள் நீ ஆலம் சுற்றாமல் சக்கரம் எலுமிச்சம்பழத்தில் ஏறாது. மச்சானோடு வலப்பனையிலிருந்து வந்து சேர்.

ஆசீர்வாதத்துடன்,
அண்ணன் வீரபத்திரன்

வலப்பனை,
20.4.1955

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் மச்சானுக்கு மூன்று நாளாக நெஞ்சுவலி. உடனே நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்கிறார் டாக்டர். பஸ் குலுக்கலை அவர் தாங்கமாட்டார். லொறிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். காரை அனுப்புங்கள் அண்ணா.

தங்கச்சி

அட்டன்,
21.4.1955

தங்கச்சிக்கு,

இங்கே ஒரே மழை. இந்தச் சின்ன எஞ்சின் மழையில் மலை ஏறாது அம்மா. பஸ்ஸிலேயே மெதுவாகக் கூட்டிப்போ. முருகன் பார்த்துக்கொள்வான்.

அண்ணன்

அட்டன்,
8.9.1957

தங்கச்சிக்கு,

மச்சான் பஸ்ஸிலேயே கண்ணை மூடி இரண்டு வருஷம் கடந்துவிட்டது. இன்னும் நீ ஒரு வரி எழுதவில்லை.

புது மோரிஸ் எடுத்திருக்கிறேன். முன்கண்ணாடி ஒரே துண்டு, எஞ்சின் பெரிது. இனி எந்த மழையிலும் ஏறும். ஆலம் சுற்ற உன்னைக் கூப்பிட முடியாதது உனக்கே தெரியும். உன் அண்ணி மீனம்மா சுற்றினாள். மனதில் வைத்துக்கொள்ளாதே.

அண்ணன்

அட்டன்,
10.8.1964

தங்கச்சிக்கு,

சிவகாமிக்குக் கல்யாணமாம். ஊரார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இருக்கட்டும்.

சீமைக்குப் போகும் துரையிடம் அவருடைய மோரிஸை வாங்கியிருக்கிறேன். இதற்குச் சின்னக் கை கிடையாது, விளக்குத்தான் மின்னும். தாய்மாமன் காரில்தான் பெண் ஊர்வலம் போக வேண்டும். அண்ணி நோயில் படுத்திருக்கிறாள். அதனால் பூசைக்குச் சிவகாமியை மட்டும் அனுப்பு. அவள் ஆலம் சுற்றட்டும்.

அண்ணன்

வலப்பனை,
16.8.1964

அண்ணனுக்கு,

போன மாதம் உங்கள் பழைய டிரைவர் அழகுமுத்து வீட்டுக்கு வந்திருந்தார். "அன்னைக்கு மழையே இல்லீங்கம்மா. லொறி போன கையோட மொதலாளிய குதிரைப் பந்தயத்துக்கு ஏத்திக்கிட்டு நுவரெலியாவுக்குத்தாங்க போனேன்" என்று சொல்லி அழுதார்.

ஒன்பது வருஷமாக நான் அந்த எஞ்சினைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

சிவகாமியை அனுப்பமாட்டேன். கல்யாணம் ஆவணி இருபத்தெட்டாம் தேதி. தாய்மாமனுக்குப் பாய் விரித்து வைப்பேன். அந்த முறையை மறுக்கமாட்டேன். ஆனால் காரை அட்டனிலேயே விட்டுவிட்டு வாருங்கள். உங்கள் மச்சான் கடைசியாகப் போன பஸ் இன்னும் அதே வழியில்தான் ஓடுகிறது. அதில் வாருங்கள்.

சீதாலெட்சுமி