கலங்கரை விளக்கத்துக்கு நீ எழுதிவைத்த காரணம்

என் பாசத்துக்குரிய யூசுப் நானாவுக்கு, சலாம்.

நீ மவுத்தாகி ஒரு வருஷம் முடிந்த பிறகு உன்மேல் சந்தேகப்பட்டு ஒரு கடிதம் எழுதுகிறேன். கூடப்பிறந்த தங்கை என்பதால் அந்த உரிமை எனக்கு உண்டு.

துபாயில் ரூம்காரர்கள் லீவு நாளில் ஆடுவார்கள் என்று அந்த விளையாட்டை நம் பட்டினத்துக்குக் கொண்டுவந்தவன் நீதான். மேசையில் ஒரு சார்ட் பேப்பர், ஒரு சீட்டுக்கட்டு. சீட்டில் இருக்கிற கேள்விக்குப் பதிலாக, இல்லாத ஊர் ஒன்றில் ஆளுக்கொன்றை வரைய வேண்டும். ஒருவர் வரைந்ததை மற்றவர் அழிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நீ, நான், உன் கூட்டாளி செந்திலண்ணன் மூன்று பேரும் உட்கார்ந்தால் சாயங்காலம் அசர் தொழுகைக்குத்தான் எழுந்திருப்போம். நான் எழுதிக்கொண்டிருக்கும் நாவலுக்கு அப்படித்தான் உப்பங்கரை என்ற ஊர் கிடைத்தது.

அதில் நீ ஒரு கலங்கரை விளக்கத்தை வரைந்து, இது எரிவதில்லை, ஏனென்று யாரும் கேட்பதில்லை என்றாய். காரணத்தை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு, சோற்றுப் பருக்கையால் ஒட்டினாய். கதை அங்கே வரும்போதுதான் பிரிக்க வேண்டுமாம். நீ கடத்தலைத்தான் ஒளித்திருக்கிறாய் என்று நான் சுங்கச் சாவடி வைத்தேன். செந்திலண்ணன் ஏதோ சாவு என்று பயந்து, விதவைகளுக்கு ஒரு தெருவே போட்டார். ஊரில் பாதி இப்படி வந்ததுதான். நீ சிரித்துக்கொண்டே இருந்தாய், கள்ளன்.

போன வாரம் நாவல் கலங்கரை விளக்கத்துக்கு வந்துவிட்டது. உறையை எடுத்தால் சோற்றுப் பருக்கை இல்லை. ஏதோ பசை, மோந்து பார்த்தால் எஞ்சின் வாடை. படகு எஞ்சினுக்குப் பூசுகிற கேஸ்கெட் பசை நம் மூவரில் யாரிடம் இருக்கும்?

திருவேட்டக்குடிக்கே போய்விட்டேன். செந்திலண்ணன் பட்டறையில் ஒரு எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார். உறையை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாரே தவிர வாங்கவில்லை.

"பிரிச்சேன் தங்கச்சி. அவனோட நாப்பதாம் நாள் பாத்திஹா முடிஞ்சு, ஊர்ப் படத்த நல்லா வரைஞ்சு தாரேன்னு படமும் உறையும் வச்சிருந்த பெட்டிய வாங்கிட்டுப் போனேன்ல, அப்ப. அவன் எழுத்தப் பாக்கணும்போல இருந்துச்சு. உள்ள வெறும் தாளு. உனக்குத் தாங்காதுன்னு திரும்ப ஒட்டிட்டேன்."

"எழுதுன தாள நீங்க எடுத்துட்டு, வெறும் தாள வச்சிருக்கலாம்ல?"

"வச்சிருக்கலாம்," என்றார். "ஆனா அவன் எப்படிப்பட்டவன்னு உனக்குத் தெரியாதா?"

அதுதான் தெரியவில்லை நானா. எங்களைச் சந்தேகப்பட வைத்து ஊரைக் கட்டத்தான் வெறும் தாளை ஒட்டினாயா? இல்லை, அவரிடம் மட்டும் சொல்ல வேண்டிய ஏதோ ஒன்று அதில் இருந்ததா? அவர் பிரித்ததைக்கூட மன்னித்துவிடுவேன். உன் கையெழுத்தில் நான் படிக்காத ஒரு பக்கம் மிச்சமிருக்கிறது என்ற நினைப்பில்தான் இந்த ஒரு வருஷத்தை ஓட்டினேன். அது போய்விட்டது. நீ இரண்டாம் தடவை போனதுபோல இருக்கிறது.

வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்தேன், வெறும் தாள்தான். அந்தத் தாளை நிரப்பலாமா என்று பேனாவைக்கூட எடுத்தேன். உன் கையெழுத்து எனக்கு அப்படியே வரும். வைத்துவிட்டேன்.

இந்த வெள்ளிக்கிழமை செந்திலண்ணனை வரச் சொல்லியிருக்கிறேன். உப்பங்கரைக்காரர்கள் விளக்கு எரியாததற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எதையும் உண்மையென்று எழுத மாட்டேன், உனக்குப் பதிலாக ஒரு வரியும் எழுத மாட்டேன், இது சத்தியம். நான் அவரை நம்பவில்லை. உன்னையும் நம்பவில்லை. அவரும் என்னை நம்புவதாகத் தெரியவில்லை. இன்னும் மூன்று பேராகத்தான் ஆடிக்கொண்டிருக்கிறோம்.

நீ சொன்ன எதையும் ஒரே தடவையில் நம்பாத உன் தங்கை,
ரஹ்மத்