நீ செத்துப்போன மதியக் காட்சி

சென்னையில் நடிகனாக விளங்கும் மருமகன் ஹரிக்கு, தாய்மாமன் தவசி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம். அப்பா கூப்பிட்டால்தான் கோயில் பொங்கலுக்கு வருவேன் என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம். அதைப் பற்றித்தான்.

உன் படம் அருப்புக்கோட்டைக்கு வந்துவிட்டது. நான் ஒரு சத்தம் கொடுத்தேன், நாலு ஊர்ச் சனம் லோடு வண்டியில் ஏறிவிட்டது. உங்க அப்பா வரமாட்டேன் என்றார். நடிக்க என்று நீ பஸ் ஏறிய அன்றைக்கு, பிள்ளை செத்தான் என்று ஊர் பார்க்கக் கண்மாயில் முழுகி எழுந்தவர் அல்லவா. உர மூட்டை வாங்கவென்று காலையிலேயே டவுனுக்குப் போய்விட்டார். தியேட்டருக்குள் போனால், எங்களுக்கு முன்னால் டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருக்கிறார்.

படம் சுமார்தான் மாப்பிள்ளை. கதையை என்னிடம் கேட்டிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும். கதாநாயகன் குண்டடிபட்டுக் கிடந்தும் பேசுகிறான், பேசுகிறான். சனம் முறுக்குத் தின்றுகொண்டிருந்தது.

அப்புறம் நீ வந்தாய். கிணறு வெட்டுகிற கூலியாள். வெடி வைத்த கல் நெஞ்சில் பட்டு வேப்பமரத்தில் சாய்ந்து கிடக்கிறாய். யாரோ சொம்பு நீட்டுகிறார்கள். அண்ணாந்து ஊற்றுகிறாய். தண்ணீர் உள்ளே போகவில்லை. வாயோரம் வழிந்து மண்ணில் விழுகிறது. சொம்பு பிடித்த உன் கை மட்டும் அப்படியே நிற்கிறது. ஒரு வார்த்தை கிடையாது.

அதுவரைக்கும் அது ஏதோ ஒரு படம். அந்த நிமிஷம் நம்ம கிணற்றுமேட்டில் நடக்கிறதாகிவிட்டது. தூக்கி வளர்த்த எனக்கே அது நீ என்பது மறந்துபோனது. அந்த நடிப்பை உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன், நீயும் மாற்றிச் சொல்லாதே.

உங்க அப்பா எழுந்தார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார், சாவு வீட்டு வாசலில் கட்டுகிற மாதிரி. அவரைப் பார்த்து எங்கள் வரிசையே எழுந்து கட்டியது. மறைக்கிறது என்று பின்னால் சத்தம் போட்டவர்களும் எழுந்தார்கள். தியேட்டரே எழுந்தது என்று எழுதினால் நம்பமாட்டாய். எழுந்தது.

சேதி போனில் முந்திப் போய்விட்டது. வீட்டு வாசலில் உன் அம்மா, என் அக்கா ஒச்சம்மாள், தண்ணீர்க் குடத்தோடு நிற்கிறாள். "சாவப் பாத்துட்டு வந்திருக்கீக. தலைக்கு ஊத்திட்டு உள்ள வாங்க" என்றாள். படம்தானே அக்கா என்றேன். முதல் தண்ணீர் என் தலையில். உங்க அப்பா குடத்தைத் தொடவில்லை.

"அவனுக்குன்னு ஒருக்கா முழுகுனது போதும் ஒச்சம்மா. இனி முழுக மாட்டேன்."

அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு அழுதாள்.

கட்டிலில் வெகுநேரம் கிடந்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "படம் பிடிச்சு முடிச்சதும் அவனுக்குத் தண்ணி குடுத்திருப்பாகள்ல?" ஐஸ் தண்ணியும் கலர் சோடாவும் கொடுப்பார்கள் மச்சான், கூட நின்று பார்த்தவன் நான் என்று அடித்துவிட்டேன். அவருக்கு ஆறவில்லை.

அவர் வாய் திறந்து உன்னைக் கூப்பிடமாட்டார். இதையே கூப்பிட்டதாக வைத்துக்கொள். அருப்புக்கோட்டையில் இறங்கு, வண்டியோடு நிற்பேன். வந்ததும் அவர் எதிரில் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடி மாப்பிள்ளை. தொண்டையில் இறங்குவது அவருக்குத் தெரியும்படி குடி. அப்போது மட்டும் நடிக்காதே.

அய்யனார் காவல். நூறு வயசுக்கு இரு.

இப்படிக்கு,
உன் மாமன் தவசி