நடை வேகத்தில் வந்த படகு

இன்று காலை தம்பானூரில் பழுதான ஆட்டோ ஒன்றைப் பின்னால் வந்த ஆட்டோக்காரர் தம் காலால் உந்திக்கொண்டு போனார். இரண்டும் நடை வேகத்தில் ஊர்ந்தன. பின்னால் ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. போன வேலையை விட்டுவிட்டு வீடு திரும்பி, உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

பூவார் காயலில் நீங்கள் ஓட்டிய ஜெட் படகில் நான் முதன்முதலாக ஏறிய நாளில், "நின்னுபோன படக வேகமா இழுத்தா எஞ்சின் கெட்டுரும் சாரே" என்றீர்கள். முப்பது ஆண்டுகள் இயற்பியல் நடத்திய நான் நம்பவில்லை. எஞ்சினே ஓடாதபோது தண்ணீர் எப்படி ஏறும்? நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள். படகை வேகமாக இழுத்தால் அடியிலிருக்கும் வாய் வழியாகத் தண்ணீர் பாய்ந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் குழாயில் ஏறுமாம். "ஓடுற எஞ்சின் குடிச்சதப் புகையோட துப்பிரும். நின்னதுக்குத் துப்பத் தெரியாது." அதனால் இழுக்கும் முன் அந்தக் குழாயை ஒரு கிளாம்பால் நெரித்து மூட வேண்டும், இல்லையென்றால் நடை வேகத்தில்தான் இழுக்க வேண்டும்.

இதைவிட நல்ல எடுத்துக்காட்டு ஒரு வகுப்புக்குக் கிடைக்குமா? வலியசாலையில் என் விடுமுறை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் காட்ட, அந்தக் கிளாம்பை உங்களிடம் கேட்டு வாங்கிப் போனேன்.

அடுத்த வாரம், காயல் கடலைத் தொடும் இடத்தருகே பழைய வலைத்துண்டு ஒன்று படகின் அடிவாயில் சிக்கி எஞ்சின் நின்றது. படகில் நீங்களும் நானும்தான். மீன்பிடிக்கும் ஃபைபர் படகு ஒன்று வந்து கயிறு கொடுத்தது. நீங்கள் கருவிப் பெட்டியைத் திறந்தீர்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிளாம்ப் என் வீட்டில், ஆணியில் தொங்கும் பையில் இருந்தது. நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"கிளாம்ப எங்கயோ வச்சுத் தொலச்சிட்டேன்டே" என்று ஃபைபர் படகுக்காரரிடம் சொன்னீர்கள். "பைய இழு. மாப்பிள்ள ஊர்வலம்னு நெனச்சுக்கோ."

குழாயில் கயிறு சுற்றி இறுக்கிப் பார்த்தீர்கள். தடித்த ரப்பர் மடங்கவில்லை. பாதி வழியில் நெஞ்சைத் தடவிக்கொண்டீர்கள். "பொரோட்டா சாரே. காலையிலயே தின்னிருக்கக் கூடாது."

உங்கள் முகம் வியர்த்துக் கிடந்ததை ஃபைபர் படகுக்காரர்தான் கவனித்தார். "அண்ணே, இந்த போட்டுல ஏறுங்க. ஒங்க படக இங்கயே கெட்டிப் போட்டுட்டு வேகமா போயிரலாம்."

"ஓணம் சீசன்டே. காத்துல கல்லுல போயி அடிச்சா மொதலாளிக்கு நீயா பதில் சொல்லுவ?" என்றீர்கள். பிறகு என் பக்கம் திரும்பினீர்கள்.

"நிதானமாகவே போவோம்" என்றேன் நான். ஆயுள் முழுக்கப் பிள்ளைகளிடம் சொன்ன சொல் அது.

முக்கால் மணி நேரம் ஆனது. படகுத்துறை கண்ணில் பட்டபோது என் தோளில் சாய்ந்தீர்கள். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று தொடங்கிய டாக்டர் அதை முடிக்கவில்லை.

மறுநாள் வலையை அறுத்தெடுத்து எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறியிருக்கவில்லை. முதல் முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது.

மாதம் ஒருமுறை உங்கள் வீட்டுக்குப் போகிறேன். ஃபைபர் படகுக்காரர் சொன்னதை வைத்து உங்கள் மனைவி இன்னும் உங்களைத்தான் திட்டுகிறார். "எடுத்தத எடுத்த எடத்துல வைக்காத மனுசன், சாரே. ஒரு கிளாம்பத் தொலச்சு உசுரையும் விட்டாரு." திட்டும்போதே அழுகிறார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்குப் பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்து வைக்கிறார்.

இந்தமுறை சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் பேருந்து ஏறுகிறேன். சாயாவைக் குடித்து, அவர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வருகிறேன்.